சித்திரத் திடலும் சவாரித் திடலும்

பல்கலைக்கழகத் தமிழ் மன்றமொன்றின் ஆண்டு மலரில், அமெரிக்கச் சிறுவர் படமொன்றில் வரும் மோட்டார் ஓட்டத் திடலைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பையும் வேறு சிலருக்குச் சினத்தையும் மூட்டக்கூடும். சங்க இலக்கியத்திலேயே ஆராயப்படாத துறைகள் பல இருக்கையில் இஃது எதற்கு என்பார் முதல் வகையினர். பண்பாட்டு ஏகாதிபத்தியத்தின் விளம்பரப் பண்டமொன்றுக்கு மலரின் பக்கங்களைத் தாரைவார்ப்பதா என்பார் இரண்டாம் வகையினர். இரு சாராரும் எனக்கு வேண்டியவர்களே. இரு சாராரோடும் ஒரே மேசையில் இருந்து தேநீர் அருந்துகிறேன். ஆயினும் இக்கட்டுரை அவ்விரு சாராரையும் எதிர்த்தே எழுதப்படுகிறது என்பதை முதலிலேயே கூறிவிடுவது நேர்மையாகும்.

'கார்ஸ்' என்னும் அசைவூட்டத் திரைப்படம் 2006 ஜூனில் வெளிவந்தது. பிக்சார் நிறுவனத்தின் ஆக்கம். நெறியாளர் ஜோன் லசெற்றர். அப்படத்தின் உலகில் மனிதர் எவருமில்லை. ஓடுவதும் கார், பார்ப்பதும் கார், ஒலிபெருக்கியில் வருணனை செய்வதும் கார். படம் தொடங்குவது 'தெற்கின் மோட்டார் ஓட்டத் திடல்' என நாம் பெயர்த்துக் கூறத்தக்க ஒரு மாபெரும் அரங்கிலே. பிஸ்ரன் கிண்ணத்துக்கான அப்பருவத்தின் கடைசி ஓட்டம் அங்கே நிகழ்கிறது. லைட்னிங் மக்குவீன் என்னும் செருக்குமிக்க இளங்கார், ரயர் மாற்றுவதற்கு நின்றால் நேரம் போகுமென்று நில்லாமலே ஓடி, கடைசிச் சுற்றில் ரயர் வெடித்து, நொண்டிக்கொண்டு கோட்டை அடைகிறது. நாக்கை வெளியே நீட்டி முந்தப் பார்க்கிறது. 'மன்னர்' எனப் பெயர்பெற்ற மூத்த காரும் சிக் ஹிக்ஸ் என்னும் வஞ்சகக் காரும் அதே கணத்தில் கோட்டைத் தொடுகின்றன. மூவரும் சமன். வெற்றியாளரைத் தீர்மானிக்கக் கலிபோர்ணியாவில் இன்னோர் ஓட்டம் வைப்பதென முடிவாகிறது. திடல் திரையில் தோன்றும் நேரம் மிகக் கொஞ்சம். கதை பின்னர் வேறெங்கோ போய்விடுகிறது.

அந்தக் கொஞ்ச நேரத்துத் திடல் எவ்வளவு ஆழமாகப் பதியக்கூடும் என்பதை நான் என் தமக்கையின் மகனிடத்தே கண்டேன். அவனுக்கு எட்டு வயது. விடுமுறையொன்றில் முற்றத்து மணலில் நீள்வட்டமொன்று கீறி, ஓட்டுத் துண்டுகளால் சுற்றுச்சுவர் எழுப்பி, விளையாட்டுக் கார்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். இது என்ன தம்பி என்று கேட்டேன். திடலின் பெயரை ஆங்கிலத்தில் பிழையறச் சொன்னான். எவருக்கு எந்த இலக்கம், எந்த வளைவில் விபத்து, எவர் நாக்கை நீட்டினார் என்பன யாவற்றையும் ஒப்புவித்தான். சவாரித் திடல் தெரியுமா என்று கேட்டேன். "அதென்ன மாமா?" என்றான். அவனுடைய பூட்டனார் நாம்பன் சோடி பூட்டி ஓடிய வெளி, அவன் நின்ற முற்றத்திலிருந்து சைக்கிளில் கால்மணி நேரத் தொலைவுதான்.

இங்கே கையாலாகாத பெருமூச்சொன்றை விட்டு, மேலைநாட்டு மோகம் நம் சிறுவரைக் கெடுத்துவிட்டதென்று எழுதி முடிப்பது எளிது. நம் மலர்களில் அவ்வகைக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பையன்மேல் என்ன குற்றம்? அவனுக்கு ஒரு திடலைக் காட்டினார்கள்; அதைக் கற்றுக்கொண்டான். மற்றத் திடலை அவனுக்குக் காட்டவேண்டியவர்கள் யாவர்? அவனுடைய மாமன் ஒரு விரிவுரையாளன். நாட்டார் வழக்காற்றியலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவன்.

அமெரிக்கச் சித்திரக்காரர் அந்தத் திடலை எவ்வாறு ஆக்கினர் என்பதை நாம் சற்று நின்று நோக்கல் வேண்டும். மோட்டார் ஓட்டம் அறிந்தவர் அதைக் கண்டதுமே ரெனெசி மாநிலத்துப் பிறிஸ்ரல் திடலின் சாயலை அடையாளம் காண்பர். பிறிஸ்ரல் தன் முதற்போட்டியை 1961 ஜூலையில் கண்டது. சுற்றின் நீளம் 0.533 மைல், நம் கணக்கில் 860 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. வளைவுகள் உள்நோக்கிச் செங்குத்தாகச் சரிந்தவை. தளம் 1992 தொடக்கம் கொங்கிறீற்று. ஓடுபாதையைச் சூழ்ந்து, கிண்ணமொன்றின் உட்சுவர் போலப் பார்வையாளர் வரிசைகள் எழுகின்றன. சுற்று சிறிது, சுவர் அண்மையிலே, சத்தம் வெளியேற வழியில்லை. ஆகவே ஓடுபவனுக்கும் பார்ப்பவனுக்கும் மூச்சுமுட்டும். சித்திரக்காரர் அக்கிண்ணத்தை எடுத்துப் பன்மடங்கு பெருப்பித்தனர். கற்பனை என்று நாம் கூறுவது அங்கே அளவுநாடா பிடித்து அளக்கப்பட்ட ஒன்றின்மேல் எழுந்து நிற்கிறது.

படத்தின் நடுப்பகுதி, நெடுஞ்சாலை புறக்கணித்த ரேடியேற்றர் ஸ்பிறிங்ஸ் என்னும் கற்பனைச் சிற்றூரில் நிகழ்கிறது. பழைய 66ஆம் இலக்க வீதியோரத்து ஊர்கள் பெருந்தெரு வந்தபின் எவ்வாறு உயிரிழந்தன என்பதை அறிய லசெற்றர் குழுவினர் அவ்வீதி வழியே பயணம் செய்தனர். வழிகாட்டிச் சென்றவர் அவ்வீதியின் வரலாற்றை முன்பே நூலாக எழுதியிருந்த மைக்கல் வொலிஸ். ஆக, பேசும் கார்களைப் பற்றிய சிறுவர் படமொன்றை எடுப்பதற்கு ஒரு வரலாற்றாசிரியன் தேவைப்பட்டான். அவனிடம் கொடுப்பதற்கு ஒரு நூலும் இருந்தது. நாளை நம்மூர் இளைஞனொருவன் சவாரியைப் பற்றி அசைவூட்டப் படமொன்று எடுக்க விரும்பி இப்பல்கலைக்கழக வாயிலில் வந்து நின்றால், அவனை எந்த அறைக்கு அனுப்புவோம்? எந்த நூலை எடுத்துக் கொடுப்போம்?

அவ்வரிசையின் மூன்றாவது படம் 2017இல் வந்தது. அதில் தோமஸ்வில் என்றொரு கைவிடப்பட்ட மண்திடல் வருகிறது. வட கரோலினாவின் நோர்த் வில்க்ஸ்பறோ போன்ற பழைய திடல்களின் சாயல் அதில் உண்டு. நோர்த் வில்க்ஸ்பறோ 1947இல் திறக்கப்பட்டு, 1996இல் தன் கடைசிப் பெரும்போட்டியைக் கண்டு, பின்னர் புல் மண்டிப் போயிற்று. 2019 டிசெம்பரில் ஒரு குழுவினர் அங்கே சென்று ஓடுபாதையின் களைகளைப் பிடுங்கினர். எதற்காக? மீண்டும் ஓடுவதற்காகவன்று; கணினி ஓட்ட விளையாட்டொன்றில் அத்திடலை உள்ளவாறே வரைவதற்கு, அதனை ஒளிக்கதிரால் அளந்து பதிவதற்காக. வரைபடமாக அத்திடல் 2020இல் மீண்டது. 2023 மே மாதத்தில் அங்கே மெய்யான பெரும்போட்டியே மீண்டும் நடந்தது. களைபிடுங்கல் ஒன்றுதான் இதற்குக் காரணமென்று கூறமாட்டேன்; பணமும் அரசியலும் உள்ளே இருந்தன. எனினும் ஓர் இடத்தைப் படமாக்குவதற்கென்று அளக்கத் தொடங்கிய பின்னர் அவ்விடத்தைச் சாகவிடுதல் கடினமாகிவிடுகிறது.

அதே தோமஸ்வில் திடலில் ரிவர் ஸ்கொட் என்றொரு முதிய கார் வருகிறது. வெண்டெல் ஸ்கொட் என்னும் கறுப்பின ஓட்டவீரரின் நினைவாக அமைந்த பாத்திரம் அது. 1963 டிசெம்பர் 1ஆம் நாள் புளொரிடாவின் ஜக்சன்வில் திடலில் அவர் வென்றார். வெற்றிக்கொடி வேறொரு வெள்ளையருக்குக் காட்டப்பட்டது. கிண்ணமும் அவருக்கே சென்றது. கூட்டம் கலைந்து பல மணி நேரத்தின் பின்னரே, கணக்குத் தவறியது, வென்றவர் ஸ்கொட் என்று ஒப்புக்கொண்டனர். ஸ்கொட் 1990இல் இறந்தார். உரிய கிண்ணம் அவருடைய குடும்பத்தாரின் கைக்கு வந்தது 2021இல். அதே காட்சியில் வரும் லூயிஸ் நாஷ் என்னும் பெண் கார், லூயிஸ் சிமித் என்னும் ஓட்டவீராங்கனையின் நிழல். எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வரலாறு ஒன்றும் புரியப்போவதில்லை. ஆனால் அது படத்தினுள்ளே இருக்கிறது. பின்னொரு நாளில் அவன் கேட்கக்கூடும். கேட்டால் விடை கிடைக்கும்.

பண்பாட்டு ஏகாதிபத்தியம் என்போருக்கு இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இப்படங்கள் பொம்மை விற்கவும் எடுக்கப்பட்டவை. முதற்படம் வந்து ஐந்தாண்டுகளுக்குள் அதனோடு தொடர்புடைய பண்டங்கள் ஏறத்தாழ ஆயிரங்கோடி டொலருக்கு விலைபோயினவென்று பத்திரிகைகள் எழுதின. ஸ்கொட்டின் துயரமும் அந்தக் கூடையிலேயே விற்பனையாயிற்று. உண்மையே. ஆனால் விற்பனைக்காரனே தன் பண்டத்துக்குள் இத்தனை வரலாற்றை வைக்கவேண்டுமென்று கருதியிருக்க, விற்பனை ஏதுமறியாத் தூயவர்களாகிய நாம் வைத்தது என்ன?

இனி நம் திடலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் 'சவாரி' என்றால் மாட்டு வண்டில் ஓட்டமே. வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் அப்பால் வன்னியிலும் தைப்பொங்கலையும் சித்திரைப் புத்தாண்டையும் ஒட்டி இன்றும் நடைபெறுகிறது. சவாரிக்கென விடப்பட்ட வெளியோ, அறுவடை முடிந்து காய்ந்த வயலோ திடலாகும். அமெரிக்கத் திடல் வளையம்; நம்முடையது நேர்கோடு. அங்கே தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சுற்றை எண்ணுவார்கள். இங்கே ஒரே மூச்சில் போய் முடிந்துவிடும். ஆகவே பார்ப்போர் இருமருங்கும் வேலிபோல் நிற்பர். வண்டில் நெருங்க நெருங்க அவ்வேலி விலகும், கடந்ததும் மூடும். சோடிகளை அவற்றின் வலுவுக்கேற்ப எழுத்திட்டுப் பிரிவுகளாக வகுத்து ஓடவிடுவர்.

என் தாய்வழிப் பேரனார் 1960களில் சவாரி ஓடியவர். நான் அறிந்த அவர், சாய்மனைக் கதிரையில் கிடந்த நோயாளி. அவர் பேசியவற்றுள் பாதியையேனும் நான் எழுதி வைக்கவில்லை. நினைவிலுள்ளவை சிதறிய துண்டுகள். சவாரி வண்டில் பாரமேற்றும் வண்டில் போலன்றி இலேசாக இருக்கவேண்டும். ஆயின் குலுக்கத்திற் பிளவாமல் இருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யத் தெரிந்த தச்சர் எல்லா ஊரிலும் இல்லை. அவரைத் தேடி இரண்டு மூன்று ஊர் கடந்து போவார்கள். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, எள்ளுப் பிண்ணாக்கு, உழுத்தங்கூழ், சவாரி நெருங்கும் நாட்களில் கோழிமுட்டை. சோடி என்பது இரண்டு நல்ல மாடுகளைச் சேர்த்துக் கட்டுவதால் அமைவதன்று. ஒன்றின் அடிக்கு மற்றது அடி வைக்கவேண்டும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் வண்டில் இழுபட்டுக் கூட்டத்துக்குள்ளே போய்விடும். இவ்வாறு பொருந்துஞ் சோடியைக் காண்பதற்கு ஆண்டுக்கணக்கில் அலைவார்களாம். அந்த அலைச்சலில் எந்தச் சந்தைக்குப் போனார்கள், என்ன விலை கொடுத்தார்கள், எவரிடம் கடன்பட்டார்கள்? கேட்கவில்லை. அக்காலத்தில் நான் பல்கலைக்கழக நுழைவுக்காகத் தமிழிலக்கிய வரலாற்றை மனனஞ் செய்துகொண்டிருந்தேன்.

உழுத்தங்கூழைக் காய்ச்சியவர் யாரென்று இங்கே கேட்கவேண்டும். பேத்தியார் விடியற்புறம் நான்கு மணிக்கு எழும்பிக் காய்ச்சினார். சவாரியன்று திடலுக்கு அவர் போனதில்லை. பரிசு வாங்கிய கதையிலே அவர் பெயர் எங்கும் வராது. வண்டில் செய்த தச்சர், லாடமடித்தவர், மாட்டைக் குளிப்பாட்டிப் புல்லறுத்துப் போட்டு அதனோடே தூங்கிய குடிமகன் ஆகியோர் பெயரும் வராது. மாடு வைத்திருந்தவர் பெயரே சவாரிக்காரர் என்று நின்றது. சவாரி மாடு சோறு போடாது, சோறு தின்னும். அதற்கு நிலம் வேண்டும். நிலம் எவர் கையிலிருந்தது என்பதை இவ்வூரார்க்கு விளக்கவேண்டியதில்லை. வெண்டெல் ஸ்கொட்டின் கிண்ணம் பறிபோனது 1963இல். மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். அமெரிக்கத் தெற்கின் அநீதியைப் படித்துக் கண்கலங்கும் நம் மாணவர், அதே ஆண்டுகளில் தம்மூர்த் திடலில் எவர் வண்டில் ஓடிற்று, எவர் வண்டில் ஓடவில்லை என்று ஒருமுறையேனும் விசாரித்ததுண்டா? விசாரித்தால் நான் நினைப்பதற்கு மாறான விடையும் கிடைக்கலாம். கோயிலில் இல்லாத கலப்பு சவாரித் திடலில் இருந்திருக்கவும் கூடும். அதையறிய ஒரேயொரு வழி, அங்கிருந்தவரிடம் போய்க் கேட்பது.

இதற்கு மாறாக நாம் செய்வது சவாரியைப் புகழ்வது. மேடையேறியதும் அது ஈராயிரம் ஆண்டுத் தமிழர் மரபு என்போம். முல்லைக்கலியின் ஏறுதழுவலை இழுத்து வந்து வண்டிலில் பூட்டுவோம். ஏறுதழுவல் வேறு, வண்டிலோட்டம் வேறு. ஒன்றின் பழமையை மற்றொன்றுக்குச் சாட்சியாக்க இயலாது. 'சவாரி' என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. சொல் பிந்தியது, வழக்கம் முந்தியது என்று வாதிடலாம். ஆனால் வாதிடுவதற்குச் சான்று தேடவேண்டும். சான்று தேடாத புகழ்ச்சி ஒருவகை அலட்சியமே. முன்னைய தலைமுறைப் படிப்பாளிகள் சவாரியைப் பாமரர் கூத்தென்று வெளிப்படையாக இகழ்ந்தார்கள். நாம் பொன்னாடை போர்த்தி இகழ்கிறோம்.

2017 ஜனவரியில் சென்னை மெரீனாவில் இளைஞர் திரண்டபோது, இங்கும் நல்லூரில் இளைஞர் கூடிச் சல்லிக்கட்டுக்காகக் குரல் கொடுத்தனர். அவ்வுணர்வை நான் குறைகூறேன். ஆனால் அவ்வழக்கின் வரலாற்றிலே நமக்குரிய பாடமொன்று உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத்தில் சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. பின்னர் தமிழ்நாட்டு அரசு சட்டத்தைத் திருத்தியது. ஐவர் கொண்ட அரசியலமைப்பு ஆயம் 2023 மே 18இல் அத்திருத்தம் செல்லுமென்றது. அத்தீர்ப்பிலே, இது தமிழ்ப் பண்பாட்டின் பிரிக்கவியலாக் கூறா என்று முடிவுகட்டுவதற்கு ஆழமான சமய, சமூக, பண்பாட்டு ஆய்வு வேண்டும், அது நீதிமன்றம் செய்யக்கூடிய வேலையன்று என்ற கருத்து வருகிறது. நீதிபதிகள் தமக்குரியதன்று என ஒதுக்கிய அந்த வேலை எவருக்குரியது? சட்டசபையினர் தம் பங்குக்குப் பெரும்பான்மை கொண்டு முடித்துவிட்டார்கள். ஆய்வு என்னும் சொல்லுக்குச் சம்பளம் வாங்குபவர் நாமன்றோ!

இலங்கையிலும் அத்தகைய கேள்வி ஒருநாள் எழும், எழவேண்டியதுமாகும். ஏனெனில் திடலிலே நடக்கும் கொடுமையை மறைத்து இக்கட்டுரையை நான் எழுதவியலாது. நுனியில் ஆணி பொருத்திய கம்பாற் குத்துவதும், வாலை முறுக்கிக் கடிப்பதும், ஓட்டம் முடிந்த மாட்டின் பின்புறத்தில் இரத்தம் வழிவதும் நான் என் கண்ணாற் கண்டவை. பேரனாரும் குத்தியிருப்பார், அவர் புண்ணியவான் என்று கூறேன். மாட்டுக்கு முட்டை ஊட்டியவரும் அவரே. விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1907இல் இயற்றப்பட்டது. அது விதித்த ஆகக்கூடிய தண்டம் நூறு ரூபா. அக்காலத்தில் அது பெருந்தொகை. அச்சட்டம் சவாரித் திடலுக்கு ஒருநாளேனும் வந்ததா, வந்தபோது ஊரார் என்ன செய்தனர், கம்பில்லாமல் ஓட்டிய சவாரிக்காரர் இருந்தனரா என்பனவெல்லாம் சொல்லத்தக்க முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். கம்பில்லாச் சவாரி இயலுமென்று ஒரு முதியவர் வாயிலிருந்து வரும் சாட்சி, நம் மேடைப் பேச்சு நூற்றிலும் வலியது. அது கிடைக்காமற் போனால், தடை வேண்டுமென்போர் ஒளிப்படத்தைக் காட்டுவர். வேண்டாமென்போர் கலித்தொகையைக் காட்டுவர். மாடும் மனிதரும் இடையில் நிற்பர்.

பார்வையாளரின் உயிரும் இதில் அடங்கும். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் மோட்டார் ஓட்டத்தில் பாதையை விட்டு விலகிய கார் கூட்டத்துட் புகுந்து ஏழு பேரைக் கொன்றது. மனிதரே இல்லாத சித்திரத் திடலில் உயரமான சுவரும் வலைவேலியும் வரையப்பட்டுள்ளன. மனிதர் நெருக்கியடிக்கும் நம் திடல்களில் ஒரு கயிறாவது கட்டப்பட்டால் நன்று.

போர் நம் ஆவணங்களைத் தின்றுவிட்டது என்னும் விடை இவ்விடத்தில் வரும். அதனை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். 1981 ஜூன் முதலாம் நாள் விடியுமுன் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து போயின. 1990 தொடக்கம் வலிகாமம் வடக்கின் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. அவற்றோடு வெளிகளும் வயல்களும் அகப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து நடந்தது. கட்டவிழ்த்துவிட்ட மாடுகள் என்னவாயின என்று கேட்பதற்கும் அன்று எவருக்கும் நெஞ்சு துணியவில்லை. பெற்றோல் இல்லாத அக்காலத்தில் பழைய ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின; வண்டில் மாடு ஓட்டத்தை மறந்து மீண்டும் பாரமிழுத்தது. 'கார்ஸ்' படம் வெளிவந்த அதே 2006இல், ஓகஸ்டில், முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டது. நெடுஞ்சாலை கைவிட்ட ஊரொன்றின் கதையை உலகமெங்கும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில், நாம் நெடுஞ்சாலையே இல்லாத ஊரில் அரிசிக்கு வரிசையில் நின்றோம். அப்படத்தை நான் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து. ரேடியேற்றர் ஸ்பிறிங்சின் வெறிச்சோடிய தெருவைக் கண்டபோது என்னருகில் இருந்த பிள்ளை சிரித்தது. எனக்குச் சிரிக்க இயலவில்லை.

ஆயினும் எழுதப்பட்டவையே எரிந்தன. சவாரியைப் பற்றி எரிவதற்கு என்ன இருந்தது? போருக்கு முன்னிருந்த அமைதியான ஆண்டுகளில், தச்சரும் சவாரிக்காரரும் உயிரோடும் ஊரோடும் இருந்த காலத்தில், எழுதத் தெரிந்தவர் எழுதவில்லை. ஊர் மலர்களிலும் நினைவு மலர்களிலும் சில பத்திகள் சிதறிக் கிடக்கலாம். அவற்றைத் திரட்டுவதற்கு நூலகம் நிறுவனத்தார் 2005இலிருந்து இணையத்தில் அமைத்துவரும் எண்ணிம நூலகம் இன்று உண்டு. குரற்பதிவுக்குக் கையிலுள்ள தொலைபேசியே போதும். இனியும் கருவியில்லை என்று கூறமுடியாது.

நம்மிடையே ஒருவர் சவாரியைக் கோட்டால் வரைந்தார் என்பதை மறக்கலாகாது. கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம், 'சுந்தர்' என்னும் பெயரில் 'தினகரன்' பத்திரிகையில் வரைந்த கேலிச்சித்திரத்தின் நாயகன் சவாரித் தம்பர். 1963இல் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கியவரும் அவரே. தம்பர் பெயரிலேயே சவாரியைச் சுமந்தவர். கொழும்பிலிருந்த உத்தியோகத்தரும் ஊரிலிருந்த கமக்காரரும் அவரைக் கண்டு ஒன்றாகச் சிரித்தனர். அசைவூட்டம் என்னும் கலைக்கு வேண்டிய முதற்பொருள், அதாவது கோட்டுக்குள் உயிர்பெற்ற ஒரு மனிதன், நம்மிடம் அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தான். அவனைப் பற்றி ஆய்வேடு எழுதுக என்று மாணவரொருவரிடம் கூறியபோது, கேலிச்சித்திரம் இலக்கியமாகுமா ஐயா என்று கேட்டார். அக்கேள்வியை அவருக்குக் கற்பித்தவர்கள் நாங்கள்.

சென்ற தைப்பொங்கலின் பின் தமக்கையின் மகனைத் திடலுக்குக் கூட்டிச் சென்றேன். அன்று சவாரி இருக்கவில்லை. ஒரு கரையில் புதுவீடொன்றுக்கு அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். மறுகரையில் ஆடு மேய்ந்தது. முடிவுக்கோடு எங்கே என்று பையன் கேட்டான். ஆடு மேய்த்த முதியவர் கையை நீட்டி, அந்தப் பனைதான் என்றார். அங்கே பனையில்லை. செல்விழுந்து தலைமுறிந்த மரத்தை எப்பொழுதோ தறித்துவிட்டார்களாம். இடத்தின் பெயர் மட்டும் பனையடி என்று நிற்கிறது. பையன் அவ்விடத்திலிருந்து தொடங்கி அடிவைத்து எண்ணிக்கொண்டு மறுமுனைக்குப் போனான். நடுவில் எண்ணிக்கை தவறிவிட, திரும்பி வந்து மீண்டும் தொடங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் பூட்டனாரின் மாடுகளுக்கு என்ன பெயர் என்று கேட்டான். சித்திரத் திடலில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் அவனிடம் பெயருண்டு. எனக்குத் தெரியவில்லை, தமக்கைக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடியவர் ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மா ஒருவரே. அன்றிரவு தொலைபேசியில் அழைத்தோம். அவருக்கு எண்பத்துமூன்று வயது. வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, வலத்தனின் பெயர் மணியன் என்றார். இடத்தனின் பெயர் நினைவுக்கு வரவில்லை, வந்தால் எடுத்துச் சொல்கிறேன் என்றார்.